ஒரு வருடத்தில் நர்ஸ் ஆக முடியுமா?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டதால், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித் தருகிறேன்.

வயது 19. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு, 600-க்கு 438 மதிப்பெண். நீட் எழுதவில்லை, அதனால் மருத்துவம் சார்ந்த எதுவும் கிடைக்காது என்று நினைத்து, பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இருந்த கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்துவிட்டார். இப்போது இரண்டாம் ஆண்டு முடியப் போகிறது. போன ஐப்பசியில் அவருடைய அம்மாச்சிக்குப் பக்கவாதம் வந்து அரசு மருத்துவமனையில் 23 நாள் இருந்திருக்கிறார். கூட இருந்து பார்த்தது இவர்தான். இரவு டியூட்டியில் இருந்த ஒரு சிஸ்டர், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அம்மாச்சியை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, மூக்கு டியூப் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போது தலைப் பக்கத்தை எவ்வளவு உயர்த்தி வைப்பது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். "முதுகில் ஒரு புண்கூட இல்லாமல் அம்மாச்சி வீட்டுக்கு வந்தாங்க மேடம். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்" என்று எழுதியிருக்கிறார்.

அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். "படிக்கிற டிகிரியை முடி. ராத்திரி டியூட்டி பார்க்கிற பொண்ணுக்கு மாப்பிள்ளை தேட முடியாது" என்கிறார். இதற்கிடையில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் உள்ள ஒரு பயிற்சி நிறுவனம், ஒரே வருடத்தில் நர்சிங் டிப்ளமோ, நூறு சதவீதம் வேலை, அதற்கப்புறம் ஜெர்மனி என்று சொல்லி 5,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறது. மீதிப் பணத்தையும் அசல் மதிப்பெண் சான்றிதழையும் இந்த மாதத்துக்குள் கேட்கிறார்கள். கடிதத்தில் இருக்கும் கேள்விகள் இவை. அங்கே சேரலாமா? இல்லை, விலங்கியலை முடித்துவிட்டு இரண்டு வருட நர்சிங் படிப்பில் சேரலாமா? இந்த வயதில் முதலிலிருந்து ஆரம்பிப்பது தாமதமா? கடைசியாக, கொஞ்சம் தயங்கி: "ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். நான் இதற்கு லாயக்கா?"

அன்பான மாணவிக்கு,

முப்பது வருடத்துக்கு மேல் வார்டிலும் நர்சிங் வகுப்பறையிலும் இருந்தவள் என்ற முறையில் முதலில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் அம்மாச்சிக்குச் செய்தது உதவி மட்டுமில்லை, நர்சிங்கின் அடிப்படையே அதுதான். அசையாமல் படுத்திருக்கும் நோயாளியின் முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் எலும்பு அழுத்தும் இடங்களில் ரத்த ஓட்டம் குறையும், தோல் செத்துப் புண்ணாகும். அதைத் தடுக்கத்தான் புரட்டிப் படுக்க வைக்கிறோம். முதலாம் ஆண்டு மாணவிகளுக்கு நான் வகுப்பில் சொல்வதை நீங்கள் 23 நாள் கையால் செய்திருக்கிறீர்கள். பலர் வெள்ளை யூனிஃபார்மைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறார்கள். நீங்கள் வேலையைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டிருக்கிறீர்கள். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

அந்த ஒரு வருடப் படிப்பு

தயவுசெய்து அங்கே சேராதீர்கள். அசல் சான்றிதழைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

காரணம் இதுதான். நம் நாட்டில் ஒருவர் நர்ஸா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது கையில் இருக்கும் சான்றிதழ் மட்டுமல்ல, மாநில கவுன்சிலின் பதிவு. தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தது. எந்தப் படிப்பு எவ்வளவு காலம், என்ன பாடம் என்பதை 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கிறது. அந்த வரிசையில் ஏ.என்.எம். (துணை நர்ஸ் - மருத்துவச்சி படிப்பு) 2 வருடம், ஜி.என்.எம். (பொது நர்சிங் - மருத்துவச்சி டிப்ளமோ) 3 வருடம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். நர்ஸாகப் பதிவு பெற ஒரு வருடப் படிப்பு என்று எதுவும் கிடையாது. 'அரசு அங்கீகாரம்' என்று போர்டில் எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் அது சொசைட்டியாகவோ டிரஸ்டாகவோ பதிவு செய்த எண்ணாக இருக்கும். நர்சிங் கவுன்சிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

அங்கே படித்த பெண்கள் சிறிய நர்சிங் ஹோம்களில் வேலை பார்ப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். என்னிடம் அப்படி வந்து அழுத பெண்கள் உண்டு. நான்கைந்து வருடம் ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, பிரசவத்துக்குக்கூட நின்றிருப்பார்கள். ஆனால் அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது, பெரிய மருத்துவமனை எடுக்காது, மேலே படிக்கவும் வழியில்லை. ஒரு ஊசியில் ஏதாவது தவறு நடந்துவிட்டால், பதிவு இல்லாமல் எப்படி ஊசி போட்டாய் என்ற கேள்வி அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் வரும்.

ஜெர்மனி கதையும் அப்படியே. அங்கே நர்சாக அங்கீகாரம் வாங்க, சொந்த நாட்டில் முறையான நர்சிங் படிப்பும் பதிவும் இருக்க வேண்டும். ஜெர்மன் மொழியில் பொதுவாக பி2 நிலை வரை தேற வேண்டும், அதற்கே பல மாதம் பிடிக்கும். வெளிநாட்டு ஆசையைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நேரம் வரும்போது தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். அது படித்து முடித்த பிறகு வரும் கேள்வி.

கொடுத்த 5,000 ரூபாய்க்கு ரசீது இருக்கிறதா? இருந்தால், பணத்தைத் திருப்பித் தரும்படி ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். கூடவே, "எந்த கவுன்சில் உங்களுக்கு அனுமதி கொடுத்தது? அந்த ஆணையின் நகல் வேண்டும்" என்று எழுத்தில் கேளுங்கள். தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். பணம் நிச்சயம் திரும்பக் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐயாயிரம் போய்விடுமே என்று பயந்து மீதியையும் கொண்டுபோய்க் கட்டாதீர்கள்.

விலங்கியலை முடித்துவிட்டு வந்தால் இரண்டு வருடமா?

இல்லை. இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. நீங்கள் கேள்விப்பட்ட இரண்டு வருடப் படிப்பு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். அது ஏற்கெனவே ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்ற நர்சுகளுக்கானது. அமெரிக்கா போன்ற நாடுகளில் வேறு பட்டம் வைத்திருப்பவர்கள் சுருக்கமாக நர்சிங் படித்து முடிக்க வழி உண்டு. நம் ஊரில் அப்படிக் கிடையாது. விலங்கியலில் முதல் வகுப்பில் தேறினாலும் பி.எஸ்சி. நர்சிங்கில் முதலாம் ஆண்டில்தான் உட்கார வேண்டும்.

படித்தது வீணா என்றால், அதுவும் இல்லை. முதல் செமஸ்டரிலேயே உடற்கூறும் உடலியங்கியலும் வந்துவிடும், பின்னால் நுண்ணுயிரியல் வரும். மற்றவர்கள் சிறுநீரகத்தின் படத்தைப் பார்த்து முழிக்கும்போது உங்களுக்கு அது தெரிந்த முகமாக இருக்கும்.

நீட் பற்றி: தமிழ்நாடு அரசுக் கலந்தாய்வு வழியாக பி.எஸ்சி. நர்சிங் சேர நீட் தேவையே இல்லை. பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியலில் எடுத்த மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. ஜிப்மர், ராணுவ நர்சிங் கல்லூரிகள் போன்ற சில இடங்கள்தான் நீட் மதிப்பெண்ணைக் கேட்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன்பே இதை யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பள்ளிகளில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளிடம் இதைக்கூடச் சொல்ல ஆள் இல்லையே என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். கவுன்சில் விதிப்படி 17 முதல் 35 வயது வரை சேரலாம். நான் பாடம் எடுத்த வகுப்புகளில், கல்யாணமாகிக் கைக்குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்து படித்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

பி.எஸ்சி.யா, ஜி.என்.எம்.மா?

பி.எஸ்சி. நர்சிங்குக்குப் பொதுப் பிரிவில் மேற்சொன்ன அறிவியல் பாடங்களில் மொத்தம் 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம் தேவை. அதைத் தாண்டி உங்களிடம் மதிப்பெண் இருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் தகுதி இருப்பது வேறு, இடம் கிடைப்பது வேறு. சென்னை, மதுரை, தேனி, சேலம் போன்ற ஊர்களில் உள்ள அரசு நர்சிங் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு, போட்டி மிக அதிகம். அங்கே கிடைக்காவிட்டாலும், தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் இதே கலந்தாய்வில் வரும். அவற்றின் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் நேராகப் போய்ச் சேர்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். உங்கள் வீட்டு நிலைமையில் நிர்வாக ஒதுக்கீடு பக்கமே போக வேண்டாம் என்பேன்.

ஜி.என்.எம். குறைந்த படிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் அரசு மருத்துவமனைகளைத் தாங்கி நிற்பவர்களில் பெரும்பகுதி டிப்ளமோ படித்தவர்கள்தான். அம்மாச்சியைப் பார்த்துக்கொண்ட அந்த சிஸ்டரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனை வேலைக்கான எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வை ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டு பேருமே எழுதலாம். வித்தியாசம் மேலே போகும்போதுதான் தெரியும். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்தவர் உடனே எழுதலாம், ஜி.என்.எம். முடித்தவருக்கு இரண்டு வருட அனுபவம் வேண்டும். எம்.எஸ்சி. படிக்க வேண்டுமென்றால் ஜி.என்.எம்.முக்கு மேல் போஸ்ட் பேசிக் இரண்டு வருடம் சேர்த்து மொத்தம் ஐந்து வருடம் ஆகிவிடும், நேரடி பி.எஸ்சி. என்றால் நான்கு. அதனால் உங்களுக்கு என் வரிசை இது: அரசுக் கல்லூரி பி.எஸ்சி., அது இல்லையென்றால் அரசின் ஜி.என்.எம்., அதற்கடுத்து தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு பி.எஸ்சி. கடன் வாங்கிப் படிக்கும் பி.எஸ்சி.யைவிடக் கடனில்லாத ஜி.என்.எம். உங்கள் வீட்டுக்கு நல்லது. இதில் சில ஆசிரியர்கள் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள், இருந்தாலும் என் அனுபவம் இதுதான்.

இப்போது கல்லூரியை விட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். இரண்டாம் ஆண்டுப் பரீட்சையை ஒழுங்காக எழுதுங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு துணை மருத்துவப் படிப்புகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கும். முந்தைய வருடங்களில் பிளஸ் டூ முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். ஜி.என்.எம்.முக்குத் தனி விண்ணப்பம் வரும், இரண்டையும் போடுங்கள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று மூன்றையும் இப்போதே இ-சேவை மையத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் வருமானச் சான்றுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று இடத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வரும் வரை இப்போதைய கல்லூரியில் டி.சி. கேட்கவே வேண்டாம். இடம் கிடைத்தால் தயங்காமல் மாறுங்கள். 24 வயதில் பதிவு பெற்ற நர்சாக வெளியே வருவீர்கள். கிடைக்காவிட்டால் மூன்றாம் ஆண்டை முடித்து, பட்டத்தோடு அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பியுங்கள். அப்போது 25. நஷ்டம் ஒரு வருடம்தான், கையில் ஒரு டிகிரியும் இருக்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்குகிறீர்கள் என்றால், படிப்பு மாறினால் என்ன ஆகும் என்பதைக் கல்லூரியில் அதைக் கவனிக்கும் ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கல்விக் கடன் தேவைப்பட்டால், 4 லட்சம் ரூபாய் வரை வங்கிகள் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. எஸ்.சி., எஸ்.டி. பிரிவாக இருந்து, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

கல்லூரியில் எதைப் பார்க்க வேண்டும்?

கட்டடத்தைப் பார்க்காதீர்கள், மருத்துவமனையைப் பாருங்கள். நர்சிங் கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கை உள்ள சொந்த மருத்துவமனை வேண்டும் என்பது விதி. காகிதத்தில் எல்லோரும் காட்டுவார்கள். ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போய், படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று கண்ணால் பாருங்கள். வார்டில் மாணவிகள் நிற்கிறார்களா, அவர்களோடு டியூட்டர் இருக்கிறாரா என்றும் பாருங்கள். ஆள் இல்லாத மருத்துவமனையில் நான்கு வருடம் படித்துவிட்டு, நரம்பில் ஊசி ஏற்றக் கை நடுங்கும் பிள்ளைகள் நேர்முகத் தேர்வுக்கு வருகிறார்கள். அது அவர்கள் தப்பில்லை.

அப்புறம், கவுன்சில் பட்டியலிலும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டியலிலும் அந்தக் கல்லூரியின் பெயர் நடப்பு ஆண்டுக்கு இருக்கிறதா என்று சரிபாருங்கள். வெளிமாநிலக் கல்லூரியில் சேர்த்துவிடுகிறேன் என்று வரும் ஏஜெண்டுகளிடம் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். 'அட்டெண்டன்ஸ் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் வரவே வேண்டாம்' என்று சொல்லும் இடத்தில் ஒரு நிமிடம்கூட உட்காராதீர்கள். வகுப்புக்கு 80 சதவீத வருகை போதும். ஆனால் பட்டம் வாங்குவதற்குள் வார்டு நேரத்தை நூறு சதவீதம் முடித்திருக்க வேண்டும் என்பது விதி, அது நோயாளிகளின் உயிருக்காக வைத்த விதி. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-இலேயே அறிவித்துவிட்டது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

அப்பா சொல்வதில் எது சரி?

அப்பாவின் பயத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ராத்திரி டியூட்டி உண்மை. தீபாவளி அன்றும் பொங்கல் அன்றும் டியூட்டி வரும். பல தனியார் மருத்துவமனைகளில் சம்பளம் மிகக் குறைவு என்பதும் உண்மை. உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. இத்தனை வருடம் கழித்தும் அது பல இடங்களில் காகிதத்திலேயே கிடக்கிறது. அரசு வேலையிலும் எம்.ஆர்.பி. வழியாகப் போகிறவர்கள் முதலில் தொகுப்பூதியத்தில்தான் சேர்கிறார்கள். நிரந்தரமாவதற்குப் பல வருடம் காத்திருக்கிறார்கள், அதற்காகப் போராட்டமும் நடத்தியிருக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்தே வாருங்கள்.

ஆனால் மாப்பிள்ளை கிடைக்காது என்பது பழைய பயம். இரவு டியூட்டி பார்க்கும் பெண்கள் இன்று நர்சுகள் மட்டுமில்லை, மில்லிலும் ஐ.டி. கம்பெனியிலும் போலீஸிலும் இருக்கிறார்கள். அப்பாவிடம் சண்டை போடாமல் ஒன்றைக் கேளுங்கள்: "அம்மாச்சி படுத்திருந்தப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு யாருப்பா வந்து பார்த்தாங்க?" அவரும் அந்த வார்டு வாசலில் நின்றவர்தானே. அவருக்கே பதில் தெரியும்.

ரத்தம்

என் மாணவிகளில் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது முதல் போஸ்டிங்கில் மயங்கி விழுவார்கள். ஒருத்தி, ஒரு சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிட்டாள். மூன்று நாள் ஹாஸ்டலில் அழுதாள், வீட்டுக்குப் போகிறேன் என்றாள். நான் அவளை வார்டிலிருந்து விலக்கவில்லை. முதல் வாரம் பாண்டேஜ் எடுத்துக் கொடுக்கச் சொன்னேன், அடுத்த வாரம் காட்டன். ஒரு மாதத்தில் அவளே டிரெஸ்ஸிங் செய்தாள். இப்போது ஒரு பெரிய மருத்துவமனையின் அறுவை அரங்கில் வேலை பார்க்கிறாள்.

ரத்தம் பார்த்து வரும் தலைசுற்றல் பெரும்பாலும் உடம்பின் ஒரு அனிச்சைச் செயல்தான். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்குவதால் வருகிறது. சாப்பிடாமல் வார்டுக்குப் போகாமல் இருப்பது, தலை சுற்றுகிற மாதிரி இருந்தால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிடுவது, கை கால் தசைகளை இறுக்கிப் பிடிப்பது, இவை உதவும். பழகப் பழகப் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். ஆனால் ரத்தம் இல்லாத நேரத்திலும் அடிக்கடி மயக்கம் வருகிறது என்றால், ஹீமோகுளோபினும் ரத்த அழுத்தமும் பார்த்து, ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ரத்தத்தைவிட உங்களுக்கு முதலில் சிரமம் தரப்போவது ஆங்கிலம். புத்தகமும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் முதல் செமஸ்டரில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன், இரண்டாம் ஆண்டில் அவர்களே வகுப்பில் முன்னால் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். இந்தக் கோடை விடுமுறையில் உங்கள் விலங்கியல் புத்தகத்திலிருந்து தினமும் ஒரு பக்கம் வாய்விட்டுப் படித்து, அதையே சொந்த ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிப் பாருங்கள். நோயாளியிடம் பேச உங்கள் தமிழ் போதும், அதில் நீங்கள் மற்றவர்களைவிட ஒரு படி மேலேதான் இருப்பீர்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அந்த இரவு டியூட்டி சிஸ்டரைத் தேடிப் போய்ப் பாருங்கள். டியூட்டி முடிந்து வெளியே வரும் நேரமாகப் பார்த்துப் போங்கள், வார்டில் அவரால் நின்று பேச முடியாது. எங்கே படித்தார், முதல் சம்பளம் எவ்வளவு, மாதத்தில் எத்தனை இரவு டியூட்டி, வீட்டில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள், எல்லாவற்றையும் கேளுங்கள். போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மாச்சி இப்போது எப்படி இருக்கிறார் என்று அந்த சிஸ்டர் உங்களைக் கேட்பார், அதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.